இயற்கைக்குக் காப்பீட்டாளர் யார்? ஸ்டேஜ்கோச் ரயில் வழக்கும் தனியார் காட்டுடைமையாளரின் பொறுப்பும்

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், இங்கிலாந்தின் ஸ்டெயின்ஸ் நகருக்கு அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தின் கடைக்கோடியில் நின்றிருந்த பெரிய ஆஷ் மரத்தின் தண்டுகளில் ஒன்று முறிந்து, எல்லைக்கு அப்பாலிருந்த தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஸ்டேஜ்கோச் சவுத் வெஸ்டர்ன் நிறுவனத்தின் ரயில் அதன்மீது மோதியது. சேதத்துக்காக நிறுவனம் கேட்ட தொகை 3 லட்சம் பவுண்டைத் தாண்டியது. வழக்கில் பிரதிவாதிகள் இருவர். ஒருவர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மரத்துக்கும் உரிமையாளரான தனிநபர். மற்றவர் சில ஆண்டுகளுக்கு முன் அந்த உரிமையாளர் கூப்பிட்டு அதே மரத்தில் வேலை செய்துவிட்டுப் போன மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் உயர் நீதிமன்றத்தின் தொழில்நுட்ப, கட்டுமான வழக்குப் பிரிவில் நீதிபதி கோல்சன் அளித்த தீர்ப்பில் இருவருமே பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

வழக்குக்குக் காரணமானது தோட்டத்து மரம்தான், காடு அல்ல. ஆனாலும் பிரிட்டனில் 5 ஏக்கரோ 10 ஏக்கரோ காடு வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பைத்தான். எதிர்த்தரப்பு பெரிய நிறுவனம். பிரதிவாதியோ மர அறிவில் நிபுணர் என்று சொல்ல முடியாத சாதாரண ஆள். கேட்கப்பட்ட தொகை ஒரு குடும்பத்தை வீட்டை விற்க வைக்கக்கூடியது. காட்டுடைமையாளர் ஒருவர் கனவில்கூடக் காண விரும்பாத வழக்கு இதுதான். அதில் நீதிமன்றம் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்பதிலிருந்தே காட்டுக்கான காப்பீடு எதற்காக வாங்கப்படுகிறது என்பது விளங்கும்.

சட்டத்தின் அடித்தளம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நில உரிமையாளரின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர் எங்கே நின்றார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு சட்டங்களின் கீழ் வரும். மரம் எல்லை தாண்டிச் சாலையிலோ, பக்கத்து நிலத்திலோ, ரயில் பாதையிலோ விழுந்தால், கவனக்குறைவு, அயலாருக்குத் தொல்லை விளைவித்தல் என்ற நீதிமன்றம் வளர்த்த பொதுச் சட்டக் கோட்பாடுகள் பொருந்தும். ஸ்டேஜ்கோச் வழக்கு இந்த வகை. காட்டுக்குள் உரிமையாளரின் அனுமதியோடு வந்தவர் அடிபட்டால் 1957-ஆம் ஆண்டின் நில அனுபோகதாரர் பொறுப்புச் சட்டம் பேசும். வந்த காரியத்தைப் பொறுத்தவரை அவர் நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கும்படி உரிமையாளர் கவனம் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தைகள் பெரியவர்களைவிடக் குறைவான எச்சரிக்கையோடுதான் நடப்பார்கள் என்பதை உரிமையாளர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதே பெயரில் வந்த 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆபத்து இருப்பது உரிமையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் வருவார் என்பதற்கும் அதேபோல் காரணம் இருக்க வேண்டும். அந்த ஆபத்திலிருந்து காப்பாற்றுவது அவரிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கடமை பிறக்கும். பொருள் சேதத்துக்கு இச்சட்டத்தின் கீழ் இழப்பீடு கிடையாது. பூட்டிய கேட்டைத் தாண்டி வந்து சைக்கிளுக்கு மேடு கட்டி விளையாடும் பையன்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகும் உரிமையாளர், இரண்டாவது நிபந்தனையைத் தன் கையாலேயே நிறைவேற்றிக் கொடுக்கிறார்.

காட்டின் ஊடே பொது நடைபாதை உரிமை இருந்தால், அதில் நடப்பவர் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாளரின் விருந்தாளி ஆகமாட்டார். 1994-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது. அதனால் பாதையின் குண்டு குழிகளுக்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாதையோரத்து மரம் விழுந்தால் மட்டும் பழைய கவனக்குறைவுக் கோட்பாடு அவரைத் தேடி வரும். இதற்கு நடுவே ஒரு விநோதமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் கிராமப்புற, பாதை உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் தம் காட்டை நிரந்தரமாகப் பொதுமக்களின் நடைக்குத் திறந்துவிட்டால், அந்த உரிமையில் வருபவர்களுக்கு இயற்கை அம்சங்களால் நேரும் ஆபத்துக்கு அவர் பொறுப்பில்லை. மரமும் செடியும் அங்கே இயற்கை அம்சமாகவே கொள்ளப்படும். வேண்டுமென்றோ பொறுப்பற்றோ ஆபத்தை உண்டாக்கினால் மட்டும் இந்த விலக்கு கிடைக்காது. காட்டைப் பூட்டி வைப்பவரைவிடத் திறந்து விட்டவருக்குச் சுமை குறைவாக இருக்கக்கூடும் என்பதைக் காப்பீட்டு முகவர்களே சிலர் நம்ப மறுக்கிறார்கள்.

மரத்தடியில் என்ன இருந்தது

ஸ்டேஜ்கோச் வழக்கின் உயிர்நாடி மரத்தின் அடிப்பகுதியில் இருந்தது. ஆஷ் போன்ற மரங்களில் ஒரே அளவுள்ள தண்டுகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும்போது, கவட்டைக்குள் இரு பக்கத்துப் பட்டையும் ஒன்றையொன்று நெருக்கியபடி உள்ளே மடிந்து போவது உண்டு. மரம் மரத்தோடு சேர வேண்டிய இடத்தில் பட்டையும் பட்டையும் உரசிக்கொண்டு நிற்பதால் அந்த இணைப்புக்குப் பிடிப்பு இருக்காது. நீர் தேங்கி, பூஞ்சை புகுந்து, உள்ளே உளுக்கத் தொடங்கினாலும் மேலே இலை தழைத்தபடிதான் இருக்கும். மரத்துக்கு நீரையும் உணவையும் கொண்டு செல்வது பட்டையை ஒட்டிய இளம் பகுதி. நடுவிலுள்ள வைரம் மரத்தைத் தாங்கிப் பிடிக்க உதவுகிறது. வைரம் போனபின்னும் பல ஆண்டுகள் மரம் பச்சையாக நிற்கும். அடியில் புதரும் ஐவிக் கொடியும் அடர்ந்துவிட்டால், அருகே போய் விலக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே பழுது படும்.

வாதியின் கட்சி இதுதான்: மரம் பெரியது, வயதானது, தண்டவாளத்தை ஒட்டி நின்றது, ஆகவே உரிமையாளர் ஒரு மர வல்லுநரை வைத்து முறையாகச் சோதித்திருக்க வேண்டும், சோதித்திருந்தால் புதர் விலக்கப்பட்டு அழுகல் தெரிந்திருக்கும். தர்க்கத்தில் இதற்குப் பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டால், பாதையோரத்தில் பெரிய மரம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆண்டுதோறும் வல்லுநருக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். நீதிபதி அந்த இடத்தில்தான் நின்றுவிட்டார்.

அவர் பழைய வழக்குகளை அலசி எடுத்த கோட்பாடுகளின் சாரம் இவ்வளவே. மர உரிமையாளர் நியாயமும் விவேகமும் உள்ள நில உரிமையாளரைப்போல் நடந்துகொள்ள வேண்டும். அந்தக் கடமை தாங்க முடியாத சுமையாகி, அவரை இயற்கைக்கே காப்பீட்டாளராக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் தன் கண்ணுக்கே தெரியும் ஆபத்தை அவர் கண்டும் விட்டுவிடக் கூடாது. அவ்வப்போது மரங்களைச் சாதாரணமாக ஒரு சுற்றுப் பார்த்து வர வேண்டும். அப்படிப் பார்க்கையில் ஏதேனும் சந்தேகம் தட்டினால்தான், அல்லது அந்த அளவுக்குப் பார்க்கும் அறிவோ உடல் வசதியோ தமக்கு இல்லையென்றால்தான், வல்லுநரை அழைக்கும் கடமை பிறக்கும். உரிமையாளரின் வசதி என்ன என்பதும் கணக்கில் வரலாம்.

இந்த வழக்கில் சந்தேகம் தட்டுவதற்கான அறிகுறி எதுவும் வெளியே தெரியவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. மரத்தின் முடி, அதாவது மேலே கிளையும் இலையும் படர்ந்த பகுதி, நிறைவாக இருந்தது. முன்பு ஒப்பந்தக்காரர் வேலை செய்தபோதும் கவலைப்படும்படி எதுவும் சொல்லப்படவில்லை. புதரை வெட்டி விலக்கி, குனிந்து, கவட்டையின் உட்புறத்தை ஆராய்வது சாதாரணப் பார்வைக்குள் அடங்காது.

இந்த நிலைப்பாடு 2014-இல் புதிதாக முளைத்தது அல்ல. 1926-இல் சாலையில் சென்ற பேருந்தின் மீது பீச் மரக் கிளை முறிந்து விழுந்த வழக்கிலும், 1950-இல் வேர் அழுகிய எல்ம் மரம் காரின் மீது சாய்ந்த வழக்கில் பிரபுக்கள் சபையிலும், வெளியே தெரியாத பழுதுக்கு உரிமையாளர் பொறுப்பாக மாட்டார் என்றே தீர்ப்பானது. அதே அளவுகோலின் மறுபக்கத்தை நம் ஊர்ச் சட்டம் அறிந்தவர்கள் தில்லி வழக்கில் பார்த்திருப்பார்கள். 1964-இல் தில்லிச் சாலையில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் மரக்கிளை விழுந்து அவர் இறந்தார். மரம் பட்டுப்போய் நின்றது எல்லோருக்கும் தெரியும் நிலையில் இருந்ததால், மாநகராட்சியே பொறுப்பு என்பதை 1999-இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பட்ட மரம் தானே சாட்சி சொல்லிவிடும். வழக்கு சிக்கலாவது பச்சை மரத்தில்தான்.

ஒப்பந்தக்காரர் கதை

இரண்டாம் பிரதிவாதியின் மீதான குற்றச்சாட்டு, மரத்தில் வேலை செய்தவர் அதன் பழுதையும் கவனித்து எச்சரித்திருக்க வேண்டும் என்பது. அதுவும் நிற்கவில்லை. அவரை அழைத்தது வேலை செய்ய. மரத்தின் பாதுகாப்பைச் சோதித்து அறிக்கை தர அல்ல. காட்டுடைமையாளர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. “போன வருஷம் ஆள் வந்து கிளை கழித்துவிட்டுப் போனார், அவர் ஒன்றும் சொல்லவில்லை” என்பது சோதனை அறிக்கைக்கு ஈடாகாது. ஸ்டேஜ்கோச் வழக்கில் உரிமையாளர் தப்பியது ஒப்பந்தக்காரர் மௌனமாக இருந்ததால் அல்ல, சாதாரணப் பார்வையில் பழுது தெரியாததால். பழுது தெரிந்திருந்தால் அந்த மௌனம் அவரைக் காப்பாற்றியிருக்காது; ஒப்பந்தக்காரரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற வழி இருந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. சோதனை வேண்டுமென்றால் சோதனை என்றே எழுதிக் கேட்க வேண்டும். அதற்குத் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். மரம் வெட்டுபவரிடம் இருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு, வெட்டிய கிளை யார் தலையிலாவது விழுந்தால் உதவும். அவர் சொன்ன தவறான ஆலோசனைக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

காட்டுக்குள் வந்தால்: ஃபெல்பிரிக், விட்லி

தோட்டத்தில் ஒரு மரம், காட்டில் பத்தாயிரம். நார்ஃபோக்கில், பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தமான ஃபெல்பிரிக் மாளிகைக் காட்டில் 2007 ஜூன் 26 அன்று, சுற்றுலா வந்த ஆரம்பப் பள்ளி மாணவர்கள் மழைக்கு ஒரு பீச் மரத்தடியில் ஒதுங்கினார்கள். கிளை முறிந்து விழுந்ததில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், மூவர் காயமடைந்தார்கள். இதைவிடப் பரிதாபமான வழக்கு நீதிமன்றத்துக்கு வருவது அரிது. ஆனாலும் 2011-இல் நீதிபதி மக்கே, நேஷனல் டிரஸ்ட் பொறுப்பில்லை என்றே முடிவு செய்தார். பயிற்சி பெற்ற ஆட்கள் காட்டை மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துப் பார்த்திருந்தார்கள்; அந்த மரத்தையும் பார்த்து, உடனே வெட்டத் தேவையில்லை என்று தீர்மானித்திருந்தார்கள்; அந்தத் தீர்மானம் பின்னால் தவறாகப் போனாலும், திறமையுள்ள ஒருவர் அன்றைய நிலையில் எடுத்திருக்கக்கூடிய தீர்மானமே என்றார். முடிவு தவறிப்போனதற்கும் கவனக்குறைவுக்கும் இடையே கோடு கிழித்த தீர்ப்பு அது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது விட்லி. சர்ரே மாவட்டத்தில் விட்லி ஊராட்சிக்குச் சொந்தமான முதிர்ந்த லைம் மரம் ஒன்று 2012 ஜனவரியில் பரபரப்பான சாலையில் சாய்ந்து ஒரு பேருந்தை நசுக்கியது. ஓட்டுநர் பலத்த காயமடைந்தார். ஊராட்சி சோம்பி இருக்கவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வல்லுநரை வைத்து மரங்களைச் சோதித்தது. கடைசியாக 2009-இல் பார்த்திருந்தது. அவ்வளவு பெரிய மரம், அவ்வளவு வாகனம் ஓடும் சாலைக்குள் விழக்கூடிய நிலையில் நிற்கையில் மூன்று ஆண்டு இடைவெளி போதாது, இரண்டு ஆண்டுக்குள் பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் பழுது தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

மூன்று தீர்ப்பையும் அடுத்தடுத்து வாசிக்கும் உரிமையாளருக்கு ஒரு மனக்குறை எழுவது இயல்பு. ஒரு முறையும் வல்லுநரை வைத்துச் சோதிக்காதவர் தப்பினார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காசு கொடுத்துச் சோதித்த ஊராட்சி மாட்டிக்கொண்டது. இது முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. தனி வீட்டுக்காரரிடமும், பொதுச் சொத்தைப் பராமரிக்கும் உள்ளாட்சி அமைப்பிடமும் எதிர்பார்ப்பது வேறு. அதற்கும் மேலாக, முறை வைத்துச் சோதிப்பது என்று ஒருவர் ஏற்பாடு செய்துகொண்டால், அந்த முறை மரத்தின் அளவுக்கும் இடத்துக்கும் ஏற்றதா என்ற அடுத்த கேள்விக்கு அவர் பதில் வைத்திருக்க வேண்டும். காட்டின் நட்டநடுவே நிற்கும் ஓக் மரத்தையும் நெடுஞ்சாலையோரத்து லைம் மரத்தையும் ஒரே காலண்டரில் ஓட்டியதில்தான் கோளாறு.

நடைமுறையில் காட்டுடைமையாளர் செய்ய வேண்டிய வேலை இதனால் சுருங்குகிறது, பெருகுவதில்லை. சாலை, ரயில் பாதை, பக்கத்து வீடு, பொது நடைபாதை, கார் நிறுத்துமிடம், குழந்தைகள் கூடும் இடம் ஆகியவற்றின் மேல் விழக்கூடிய தூரத்தில் நிற்கும் மரங்களே அவருக்குக் கவலை. பெரும்பாலான சிறு காடுகளில் அது ஓரத்து வரிசை மட்டுமே. உள்ளே பட்ட மரம் நின்றால் நிற்கட்டும். மரங்கொத்திக்கும் வௌவாலுக்கும் அது வீடு. பிரிட்டனில் மரம் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 5 அல்லது 6 பேர் என்றும், ஒருவர் அப்படி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று என்றும் அந்நாட்டு உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. இந்த எண்ணிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு காட்டையே மொட்டை அடிப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால் ஆஷ் மரத்தைப் பொறுத்தவரை ஸ்டேஜ்கோச் தீர்ப்பை இன்று கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 2012-இல். மரம் முறிந்ததோ 2009-இல். இன்று நுனிக் கிளைகள் காய்ந்து, முடி மெலிந்து நிற்கும் ஆஷ் மரம் தன் நோயைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கிறது. நோய் முற்றிய மரம் எளிதில் சடக்கென்று முறிவதால், ஆள் ஏறி வெட்டப் பலர் மறுத்து, இயந்திரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். சாலையோரத்தில் ஆஷ் வைத்திருக்கும் உரிமையாளர், அறிகுறி எதுவும் தெரியவில்லை என்று இனிச் சொல்வது கடினம் என்பது என் கணிப்பு. கோடையில், இலை முழுதும் விட்டிருக்கும் ஜூலை மாதத்தில், ஒரு முறை நின்று அண்ணாந்து பார்த்தாலே முடியில் பாதி இல்லாதது தெரிந்துவிடும்.

காப்பீடு எதைக் காப்பாற்றுகிறது

உரிமையாளர் இயற்கைக்குக் காப்பீட்டாளர் அல்லர் என்று நீதிமன்றமே சொன்னபிறகு, அவர் எதற்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டேஜ்கோச் வழக்கு முடிய நான்கரை ஆண்டு ஆனது என்பதே அதற்கு முதல் பதில். வழக்கறிஞர்கள், இரு தரப்பு மர வல்லுநர்கள், உயர் நீதிமன்ற விசாரணை என்று ஓடிய காலம் அது. பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் பெரும் பயன், தோற்றால் கட்ட வேண்டிய இழப்பீட்டைவிட, வழக்காடும் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் வழக்கில் தோற்றவர் வென்றவரின் செலவைக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 2013 ஏப்ரல் முதல், உடற்காய வழக்குகளில் தோற்ற வாதியிடமிருந்து பிரதிவாதி பெரும்பாலும் செலவை வசூலிக்க முடியாது. ஆக, காட்டில் நடந்துபோனவர் போட்ட வழக்கில் முழு வெற்றி பெற்ற உரிமையாளரும், காப்பீடு இல்லையென்றால், தன் வழக்கறிஞர் கட்டணத்தைத் தன் பையிலிருந்தே எடுக்க வேண்டும். அந்தச் செலவு காப்பீட்டு வரம்புத் தொகைக்கு உள்ளே அடங்குமா, அதற்கு மேல் தனியாகத் தரப்படுமா என்பதைப் பாலிசியில் முதலில் பார்க்க வேண்டும்.

வரம்பு பொதுவாக 50 லட்சம் பவுண்டு அல்லது ஒரு கோடி பவுண்டு என்று வைக்கப்படுகிறது. பலருக்கு இது மிகையாகத் தெரியும். தண்டுவடம் முறிந்த இளைஞர் ஒருவரின் வாழ்நாள் பராமரிப்புச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

வீட்டுக் காப்பீடு காட்டுக்கும் சேர்த்துத்தான் என்ற நினைப்பில் பலர் இருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் மரத்துக்கு அது பொருந்தலாம். 40 மைல் தள்ளி வாங்கிய காட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. நிலத்தை உரிமையாக வைத்திருப்பதால் வரும் பொறுப்பும், வசிக்கும் வீட்டால் வரும் பொறுப்பும் பாலிசியில் தனித்தனிப் பிரிவுகள். காட்டுக்கென்று தனிப் பாலிசி எடுத்தவரும் அதில் என்னென்ன செயல்கள் அடங்குகின்றன என்பதைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். குடும்பத்தோடு போய்க் கூடாரம் போடுவது ஒன்று. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்குக் கூடாரம் போட இடம் தருவது வேறொன்று. பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டு வகுப்பு நடத்துவது, கயிற்றூஞ்சல் கட்டுவது, சங்கிலி ரம்பத்தால் மரம் வெட்டி விறகு விற்பது ஆகியவற்றை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். தனிநபர் எடுக்கும் காப்பீட்டில், கேட்ட கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லாமல் நியாயமான கவனம் எடுத்தால் போதும் என்று 2012-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தொழிலாக நடத்துபவருக்கோ 2015-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்காததையும் தாமாக முன்வந்து சொல்லும் கடமை உண்டு. விறகு விற்பவர் இவற்றில் எந்தப் பக்கம் விழுவார் என்பதை விபத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.

கூலிக்கு ஆள் வைத்தால் கதை மாறுகிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். குறைந்தபட்ச வரம்பு 50 லட்சம் பவுண்டு. இல்லாமல் ஓட்டினால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம் விழலாம். வார இறுதியில் கைகொடுக்க வரும் நண்பர்கள் கூலியாட்கள் அல்லர் என்றாலும், கருவியைக் கொடுத்து வேலையைச் சொல்லி அவர்களை நிறுத்துபவர் உரிமையாளர்தான். பல பாலிசிகள் தன்னார்வலர்களைத் தொழிலாளர்களாகவே கொண்டு காப்புத் தருகின்றன, சில தருவதில்லை. வெளி ஒப்பந்தக்காரரை வைக்கும்போது அவருடைய பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது சில பாலிசிகளில் நிபந்தனையாகவே இருக்கும்.

ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் இருக்கும் இன்னொரு நிபந்தனை, காப்பீடு பெற்றவர் நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்பது. இதைப் படித்துவிட்டு, கவனக்குறைவாக இருந்தால் காப்பீடு கிடைக்காது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியானால் கவனக்குறைவுக்காக எடுக்கும் காப்பீட்டுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். 1967-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டிப்லாக் இதைத் தெளிவாக்கினார்: ஆபத்து இருப்பது தெரிந்தும், எது நடந்தாலும் பரவாயில்லை என்று விட்டவருக்கு எதிராகத்தான் இந்த நிபந்தனை பயன்படும். காட்டில் இதன் பொருள் எளிது. ஓரத்து மரத்தைப் பார்க்க மறந்தவருக்குப் பாலிசி நிற்கும். வல்லுநர் சிவப்பு மையால் கோடிட்டு, உடனே வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த அறிக்கையை மூன்று குளிர்காலம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தவருக்கு அது நிற்குமா என்பது சந்தேகம்தான். சோதனை அறிக்கை வாங்குவது பாதுகாப்பு. வாங்கிவிட்டுச் செயல்படாமல் இருப்பது அறிக்கையே வாங்காததைவிட மோசம்.

வெட்டப் புறப்படுமுன் இரண்டு சட்டத் தடைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1967-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, காலாண்டுக்கு 5 கன மீட்டருக்கு மேல் வெட்ட உரிமம் வேண்டும். உடனடி ஆபத்தான மரத்துக்கு விலக்கு உண்டு. உள்ளாட்சி அமைப்பு பிறப்பிக்கும் மரப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரமாக இருந்தால், இங்கிலாந்தில் பட்ட மரத்துக்கும்கூட ஐந்து வேலை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். சட்டப் பாதுகாப்பு பெற்ற வௌவால் குடியிருந்தால் தனிச் சிக்கல். அவசரம் என்று சொல்லி வெட்டுபவர், வெட்டும் முன் நான்கு பக்கமும் நின்று படம் எடுத்து வைத்துக்கொள்வது, பின்னால் அது ஆபத்தான மரம்தான் என்று நிரூபிக்க உதவும்.

மர விலைக்கான காப்பீடு, அதாவது தீயிலோ சூறைக்காற்றிலோ நிற்கும் மரம் அழிந்தால் கிடைக்கும் ஈடு, இதிலெல்லாம் சேராத தனி வகை. வணிகத்துக்காக ஊசியிலைக் காடு வளர்ப்பவருக்கு அது முக்கியம்; பொழுதுபோக்காகச் சிறு காடு வைத்திருப்பவர் பெரும்பாலும் எடுப்பதில்லை. 1987 அக்டோபர் 16 புயலில் தென் இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தபோது இரண்டு வகையினரும் இழந்தார்கள்.

பதிவும் பழைய பாலிசியும்

ஸ்டேஜ்கோச் வழக்கில் கேட்கப்பட்ட சாதாரணப் பார்வைக்கு எழுத்துப் பதிவு கட்டாயம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் நான்கு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் நின்று, ஆண்டுதோறும் பார்த்தேன் என்று வாயால் மட்டும் சொல்பவரும், தேதி போட்ட நோட்டைக் காட்டுபவரும் ஒன்றல்ல. பெரிய படிவம் எதுவும் தேவையில்லை. கோடையில் ஒருமுறை, இலை உதிர்ந்தபின் ஒருமுறை, பெருங்காற்றுக்குப் பின் ஒருமுறை ஓரத்து வரிசையில் நடந்து, அடிமரத்தில் காளான் தட்டு முளைத்திருக்கிறதா, வேரடி மண் வெடித்திருக்கிறதா, முடி மெலிந்திருக்கிறதா, புதிதாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேதியோடு இரண்டு வரி எழுதினால் போதும். “பார்த்தேன், குறை எதுவும் இல்லை” என்ற வரிக்கும் மதிப்பு உண்டு. ஐவிக் கொடி கவட்டையை மூடியிருந்தால் அதையும் எழுத வேண்டும். சாலையோர மரமானால் அடியில் கொடியை அறுத்துவிட்டு, அது காய்ந்தபின் மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

நோட்டோடு சேர்த்து வைக்க வேண்டியது பாலிசிப் பத்திரம். பொறுப்புக் காப்பீட்டில் பொதுவாக, விபத்து நடந்த நாளில் நடப்பில் இருந்த பாலிசியே பதில் சொல்லும். வழக்கு வந்த நாளில் இருப்பது அல்ல. உடற்காயத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு, பொருள் சேதத்துக்கு ஆறு ஆண்டு என்பது பொது வரம்பு. அடிபட்டது குழந்தையானால், அந்த மூன்று ஆண்டு 18 வயது நிறைந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். இன்று உங்கள் காட்டில் கிளை விழுந்து காயமடையும் 5 வயதுச் சிறுமி, 21 வயது ஆகும்வரை வழக்குத் தொடுக்கலாம். அதற்குள் காப்பீட்டு நிறுவனம் இரண்டு முறை கைமாறியிருக்கலாம், முகவர் ஓய்வு பெற்றிருக்கலாம், காட்டையே நீங்கள் விற்றிருக்கலாம். 16 ஆண்டுக்கு முந்தைய பிரீமியம் ரசீதும் பாலிசி எண்ணும் அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும்.